வீணாகிறது என்று எழுதினேன்

அடுப்பு பற்றியதும் யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள்.

அடையாறு பாலத்துக்குக் கீழே, ஆற்றோரக் குப்பத்தில், பால்காரர் ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் அந்த அடுப்பை வைத்திருந்தோம். பொழுது சாய்கிற நேரம். சேற்று வாடையும் எருமை வாடையும் கலந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. தீக்குச்சியைக் கிழித்து நீட்டியது எங்கள் வரதன் சார். 'பக்' என்று ஒரு சத்தம். பிறகு நீலமாக, வட்டமாக, புகையே இல்லாமல் ஒரு நெருப்பு.

"அட, சாணி எரியுதுடா!" என்றார் ஏகாம்பரம்.

"சாணி எப்பவுந்தான் எரியும். இதுல இன்னா அதிசயம்?" என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏகாம்பரத்தின் மனைவி பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். பால் பொங்கி வழிந்தது. நெருப்பு ஒரு நொடி மஞ்சளாகிவிட்டு மறுபடி நீலமானது. அதற்குப் பிறகுதான் கை தட்டினார்கள். வரதன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தோஷம் வந்தாலும் சங்கடம் வந்தாலும் அவர் அதைத்தான் செய்வார்.

அதிசயம் என்ன என்று கேட்ட பெண் மட்டும் கை தட்டவில்லை. முப்பது வயது இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகி, வெறும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொட்டகை மூங்கிலில் சாய்ந்து நின்றாள். எல்லோரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் என்னைப் பார்த்தாள்.

"இந்த அடுப்பு எரியுது, சரி. என் அடுப்புக்கு இன்னா வழி, காயிதக்காரரே?"

எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. விழாதது போல் குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த குழாய்த் திருகை மறுபடி இறுக்கினேன்.

வாசல் அறை

எனக்கு மனிதர்களிடம், அதிலும் பெண்களிடம், பேச வராது என்பதை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் நான் படிக்காததற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம். கல்லூரியில் சேர்ந்தால் எழுந்து நின்று பேசச் சொல்வார்கள் என்று யாரோ சொன்னது இன்னொரு காரணம்.

அப்போது மயிலாப்பூரில், தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு மாமி வீட்டின் வாசல் அறையில் குடியிருந்தேன். ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், சுவரில் ஒரு ஆணி. அந்த ஆணியில்தான் என் இரண்டு சட்டைகளும் இருந்தன.

மண்ணெண்ணெய் கிடைப்பது பெரும்பாடாக இருந்த காலம் அது. கடை திறக்கும் முன்பே டின்களும் பாட்டில்களும் வரிசையில் நிற்கும். ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். என் டின்னுக்கு நான் நீல வண்ணம் பூசியிருந்தேன். வரிசையில் இது யாருடையது என்று யாரும் என்னைக் கேட்கக்கூடாது, நானும் பதில் சொல்லக்கூடாது, அதற்காக.

வேலை, தியாகராய நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இயங்கிய சிறிய சேவை அமைப்பு ஒன்றில். கீழே எவர்சில்வர் குடங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மாடியில் நாங்கள் மூன்று பேர்தான். மின்கம்பம் போக முடியாத மலை ஊர்களுக்கும் காட்டோர ஊர்களுக்கும் சாணி காஸ் அடுப்பும் விளக்கும் கொண்டுபோவது எங்கள் வேலை என்று வரதன் சார் என்னைச் சேர்க்கும்போது சொன்னார். அவர் இன்ஜினியர். பெரிய கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். கையில் எப்போதும் ஒரு அளவு நாடா இருக்கும்.

மலை ஊர்க்காரர்கள் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். அதனால் பட்டணத்திலேயே ஒரு மாதிரி அமைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. எங்கே அமைப்பது? மாடும் இருக்க வேண்டும், மின்சாரமும் இருக்கக் கூடாது.

"அதுக்காக நாம ரொம்ப தூரம் போக வேண்டாம், நடராஜன்," என்றார் அவர். "அடையாறு பாலத்து மேல போய் நின்னு பாருங்க. மேல ட்யூப்லைட். கீழ சிம்னி விளக்கு. இவங்களுக்கும் மலைமேல இருக்கறவங்களுக்கும் வித்தியாசம், இவங்க அந்த வெளிச்சத்தைத் தினமும் பாத்துக்கிட்டே இருட்டுல இருக்காங்க, அவ்வளவுதான்."

நான் போய் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

நாலாவது கட்டம்

எந்த ஊரானாலும் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதை நிரப்புவதுதான் என் உத்தியோகம். முதல் கட்டத்தில் மாட்டுச் சொந்தக்காரர் பெயர். இரண்டாவதில் மாடுகள் எத்தனை. மூன்றாவதில் நாளொன்றுக்கு எத்தனை கூடை சாணம். நாலாவது கட்டத்தில், 'சாணம் தற்போது எப்படிப் பயன்படுகிறது?'

நான் குப்பத்துக்குப் படிவத்தோடு போனது ஒரு காலை நேரம். ஏகாம்பரம் கறவை முடித்து, கயிற்றுக் கட்டிலில் பீடியோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். நாலு பசு, பதினோரு எருமை. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். ஒரு எருமையின் பெயரை நான் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டார். அந்தப் படிவத்தில் எருமையின் பெயருக்கு இடம் இல்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஓரத்தில் 'ராணி' என்று எழுதிக்கொண்டேன்.

நாலாவது கட்டம் வந்தது.

"சாணியை என்ன செய்றீங்க?" என்றேன்.

"நான் இன்னா தம்பி செய்யப் போறேன்? கொட்டாயை சுத்தம் பண்றவங்க அள்ளிக்கினு போவாங்க. எனக்கு எடம் காலியானா போதும்."

அள்ளிக்கொண்டு போகிறவர்கள் யார், கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்பது அடுத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்பதற்குக்கூட அவசியம் இல்லை. கொட்டகையின் பின்பக்கம் பெரிய மதில் ஒன்று இருந்தது. அது முழுக்க வரட்டி. வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் பதிந்து, காய்ந்ததும் காயாததுமாக. அதன் முன்னால், பின்னாளில் அடுப்பருகே என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண் முழங்கை வரை சாணியோடு நின்று தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகள் சாணியில் கலக்கத் தவிட்டைத் தூவிக்கொண்டிருந்தன.

அவள் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், ஓட்டு லிஸ்டா?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாது. முகமெல்லாம் சூடாகி, வந்த வழியே மேடேறிவிட்டேன். பாலத்து முனையில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, நாலாவது கட்டத்தில் 'வீணாகிறது' என்று எழுதினேன்.

அந்தச் சொல்லை வரதன் சார் மிகவும் ரசித்தார். "பாருங்க, இத்தனை சாணி வீணாகுது!" என்று மேஜையைத் தட்டினார். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அந்த இடம் முடிவானது.

பிறகு கிணறு போல வட்டமாகப் பள்ளம் தோண்டி, செங்கல் கட்டி, அதன் மேல் பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்தோம். சாணியையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கரைத்து ஒரு தொட்டியில் ஊற்றினால் அது குழாய் வழியே பள்ளத்துக்குள் போகும். உள்ளே புளித்து, வாயு சேரச் சேர டிரம் மெல்ல மேலே எழும்பும். அதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். காலையில் போனால் டிரம் ஒரு சாண் உயர்ந்திருக்கும். ஏதோ மூச்சு விடுகிற பிராணி மாதிரி.

ஏகாம்பரம் வீட்டோடு சேர்த்து ஆறு வீடுகளுக்குக் குழாய் போனது. ஆறு அடுப்பு, நடுவில் ஒரு விளக்கு. அந்த விளக்கின் கீழே ஒரு அம்மாள் முதல் நாள் அரிசியில் கல் பொறுக்கியது நினைவிருக்கிறது. "கல்லு இம்மாம் இருந்திச்சா நம்ம அரிசில!" என்று சிரித்துக்கொண்டே பொறுக்கினாள்.

மாமியின் வெந்நீர் அடுப்பு

அடுப்பு முதலில் எரிந்த நாளுக்குப் பிறகு ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை, நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமி வெந்நீர்த் தவலைக்கு முன்னால் உட்கார்ந்து தென்னை மட்டையோடு போராடிக்கொண்டிருந்தார்.

"நடராஜா, உங்க ஆபீஸ்ல ஏதோ சாணியிலேர்ந்து காஸ் எடுக்கறாளாமே?"

"ஆமாம் மாமி."

"எடுக்கட்டும், நன்னாத்தான் இருக்கும். ஆனா நேக்கு வரட்டி வரது நின்னு போயிடுத்து. அடையாத்துலேர்ந்து சரோசான்னு ஒருத்தி கொண்டு வந்துண்டிருந்தா. ஹோமத்துக்குப் பசுஞ்சாணி தனி, வெந்நீருக்கு எருமைச் சாணி தனின்னு பிரிச்சு வெச்சுத் தருவா. ஒரு நாள் மாத்திக் குடுத்தது கிடையாது."

நான் வாய் கொப்பளிப்பதை நிறுத்தினேன்.

"போன வாரம் வெறுங்கையோட வந்தா. ஏதாவது வேலை இருக்கான்னு கேட்டா. என்னடி ஆச்சுன்னேன். 'சாணியெல்லாம் டிரம்முக்குப் போவுது மாமி, எவனோ காயிதத்துல வீணாப் போவுதுன்னு எழுதிட்டானாம்'னா. ரெண்டு குழந்தைகள். ஆம்படையான் ரிக்ஷா ஓட்டிண்டிருந்தான், கால் போயிடுத்து. அந்த வரட்டியிலதான் சாப்பாடு." மாமி மட்டையை முறித்து உள்ளே தள்ளினார். "யார்டா அந்தக் கடன்காரன்?"

"தெரியலை மாமி," என்றேன்.

அன்று வெந்நீர் போட்டுக்கொள்ளாமல் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

படிக்கட்டில் கூடை

அந்த வாரமே சரோசா தியாகராய நகருக்கு வந்துவிட்டாள். பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் எங்கள் மாடிக்கு ஏறும் குறுகிய படிக்கட்டு. அதன் மூன்றாவது படியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரதன் சார் வெளியூர் போயிருந்தார். நான் மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டேன்.

"யோவ், காயிதக்காரரே! எட்டிப் பாக்கறது தெரியுது. எறங்கி வா. நான் இன்னா கடிச்சா துன்னப் போறேன்?"

கடைக்காரர்கள் சிரித்தார்கள். இறங்கிப் போனேன்.

"வீணாப் போவுதுன்னு நீ தான எழுதின?"

"ஆமாங்க."

"என் மூஞ்சியப் பாத்துக்கினு சொல்லு. நீ வந்தன்னிக்கு நான் அங்க இன்னா செஞ்சிக்கினு இருந்தேன்?"

"வரட்டி தட்டிக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப கண்ணு தெரியுது. நான் கூட பாவம், குருடு போலன்னு நெனைச்சேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் பேச்சைக் கேட்கப் பாத்திரக் கடைச் சத்தம்கூட நின்றது மாதிரி இருந்தது. அவள் தன் கதையைச் சொன்னாள். விடியும் முன் கொட்டகையைக் கூட்டி, கழுவி, மாட்டைக் குளிப்பாட்டி விடுவாள். அதற்கு ஏகாம்பரம் கூலி எதுவும் தருவதில்லை. சாணிதான் கூலி. அவள் மாமியார் காலத்திலிருந்து அந்த ஏற்பாடு. பேச்சுகூட நடந்ததில்லை, அப்படியே இருந்து வந்தது. இப்போது சாணி இல்லை என்றதும் அவள் கொட்டகைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள்.

"ஏகாம்பரம் அண்ணனையும் தப்பு சொல்ல முடியாது. பெரிய மனுசங்க வந்து காயிதத்தை நீட்டினா அவுரு இன்னா பண்ணுவாரு? எழுதினவரு நீ. நீயே போய் உங்க சார்கிட்ட சொல்லு. புள்ளைங்க ரெண்டும் கஞ்சித் தண்ணில கீது."

"சொல்றேங்க."

"எப்ப?"

"சார் வந்ததும்."

சார் மறுநாளே வந்தார். நான் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் வாக்கியத்தை மனதில் அடுக்கிக்கொண்டு பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் வருவேன். அவர் நிமிர்ந்து, "என்ன நடராஜன்?" என்றதும், "ஒண்ணுமில்லை சார்" என்று வந்துவிடும். இப்படியே பத்து நாட்கள். அந்தப் பத்து நாட்களில் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் குப்பத்துப் பக்கம் போகவில்லை.

பினாயில்

மலை ஊர்க்காரர்கள் வரும் நாள் குறித்தாகிவிட்டது. வரதன் சார் பலமுறை கடிதம் எழுதி, பஸ் ஏற்பாடு செய்து, பத்துப் பேரை வரவழைத்திருந்தார். அவர்கள் ஊருக்கு மின்கம்பம் வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகலாம். மாதிரி பிடித்துப்போனால் அவர்கள் மலையில் இரண்டு இடத்தில் டிரம் வைப்பதாக முடிவு.

இந்தச் சேதி ஏகாம்பரத்துக்குப் போனது. அவர் கொட்டகையைப் பார்த்தார். சரோசா வராததால் அது கால் வைக்க முடியாத நிலையில் இருந்தது. பெரிய மனிதர்கள் வருகிறார்கள், நாறினால் நன்றாகவா இருக்கும்? பினாயில் டின் ஒன்றை வாங்கிவந்து, ஒரு வாரம் தினமும் இரண்டு வேளை தரையைக் கழுவித் தள்ளினார். கொட்டகைச் சாக்கடை நேராக எங்கள் கரைசல் தொட்டிக்குள் விழும்படி நாங்கள்தான் வாட்டம் கொடுத்துக் கட்டியிருந்தோம், ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்று.

மலைக்காரர்கள் கம்பளியும் துணிப்பையுமாக வந்து இறங்கினார்கள். கொட்டகை ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. ஏகாம்பரம் சலவை வேட்டியில் நின்றார். ராணியின் கொம்புக்குக்கூட எண்ணெய் தடவியிருந்தது.

வரதன் சார் விளக்கமெல்லாம் சொல்லிவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார். நீட்டினார். குச்சி எரிந்து விரல் வரை வந்து அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. திருகைத் திறந்தார், மூடினார். குழாயில் தண்ணீர் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். அது தரையோடு தரையாக அமிழ்ந்து கிடந்தது.

"ரெண்டு நாளாவே எறங்கிக்கினு போச்சு சார்," என்றார் ஏகாம்பரம் சின்னக் குரலில். "தானா ஏறும்னு இருந்தேன்."

"எப்படி ஏறும்?" என்று மதில் ஓரத்திலிருந்து குரல் வந்தது. சரோசா. "ஒரு வாரமா பினாயிலை ஊத்திக்கினு கீறாரு. உள்ள இருக்கறது செத்துப் பூடாதா? தயிருக்குப் பொற ஊத்தற எடத்துல பினாயிலை ஊத்தினா தோயுமா?"

வரதன் சார் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. பள்ளத்துக்குள் சாணியைப் புளிக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். கிருமியைக் கொல்வதுதான் பினாயிலின் வேலை. இதை அவர் எங்கள் எல்லோருக்கும் வகுப்பெடுத்திருக்கிறார். ஏகாம்பரத்துக்கு மட்டும் சொல்லவில்லை.

மலைக்காரர்களில் வயதான ஒருவர் அதுவரை மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இப்போது வரட்டி இல்லை. விரல் பதிந்த வட்ட வட்டமான கறைகள் மட்டும் இருந்தன.

"எங்க ஊர்ல சாணி வெள்ளாமைக் காட்டுக்கு எருவாப் போகுதுங்க," என்றார் அவர். "இங்க இத்தனை நாளா எங்க போச்சு?"

வரதன் சார் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். "இங்க அது வீணாப் போயிட்டு இருந்துதுங்க," என்று படித்தார்.

சரோசா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

எனக்கு எப்படியோ குரல் வந்துவிட்டது, அதுவும் தேவைக்கு மேல் சத்தமாக.

"இல்லை சார். வீணாகலை. இவங்க வரட்டி தட்டினாங்க. கொட்டகையைச் சுத்தம் பண்ணிட்டு அதுக்குப் பதிலா சாணி எடுத்துப்பாங்க. நான் கண்ணால பார்த்தேன். கேக்கக் கூச்சப்பட்டு நானா எழுதிட்டேன். பத்து நாள் முன்னாடி வந்து என்கிட்ட சொன்னாங்க. அதையும் நான் சொல்லலை."

அந்த வருஷம் முழுவதும் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

வரதன் சார் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சரோசாவிடம் போய், "நாங்க உங்களை வந்து கேட்டிருக்கணும்மா. உங்களுக்கு எத்தனை கூடை வேணும்?" என்று கேட்டார்.

"அத்த மாட்டைக் கேளு சார். அது போடறதுதான்."

மலைக்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

எல்லோரும் கொட்டகை ஓரத்திலேயே உட்கார்ந்து பேசினார்கள். ஏகாம்பரம், பசுச் சாணி சரோசாவுக்கு, எருமைச் சாணி டிரம்முக்கு என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வெந்நீர் அடுப்புக்கு எருமை வரட்டிதான் போகிறது, அதுவும் வேண்டும் என்றாள். சிறிது நேரம் இழுபறி. அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள்.

"மழை நாள்ல மதில் காயாது. தட்டினா வழியும். அந்த மாசங்கள்ல எல்லா சாணியும் நீங்களே எடுத்துக்கோங்க. வெயில் காலத்துல பசுவும் பாதி எருமையும் எனக்கு. மழைல என் வூட்டு அடுப்புக்கும் குழாய் போடணும். சரின்னா நாளைக்கே கொட்டாயைக் கூட்டறேன். பினாயிலைத் தூக்கிப் போடச் சொல்லு."

வரதன் சார் அளவு நாடாவை எடுத்து அவள் குடிசை வரை அளந்தார். குழாய் பத்தடி போதவில்லை. ரப்பர் குழாய் வாங்கி ஒட்டுப்போட்டோம்.

அன்று மலைக்காரர்கள் எரியும் அடுப்பைப் பார்க்காமலே திரும்பினார்கள். திட்டம் அதோடு போய்விட்டது என்றே நினைத்தேன். பஸ் ஏறும்போது அந்த வயதானவர் வரதன் சாரிடம், "எங்க ஊருக்கு வாங்க. ஆனா முதல்ல பொம்பளைங்ககிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பள்ளத்தை வாரி, கழுவி, புதுச் சாணி நிரப்பி, டிரம் மறுபடி எழும்பப் பல வாரங்கள் ஆயின. வெயில் காலத்தில் ஆறு அடுப்புக்கு வாயு போதவில்லை. மூன்றுதான் எரிந்தன. அடுப்பு நின்ற மூன்று வீட்டாருக்கும் சரோசா மேல் ஆத்திரம். அரிசியில் கல் பொறுக்கிய அம்மாள் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அந்த அம்மாள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. புகையில்லாத அடுப்பைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கியது நாங்கள்.

ஆனால் அந்த ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. விறகு நனைந்து, மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரே தவித்தபோது, ஏழு அடுப்பும் அங்கே எரிந்தன. ஏழாவது சரோசாவுடையது.

சில வருஷங்கள் கழித்து அந்தக் குப்பத்தையே அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு திசையாக, ஊருக்கு வெளியே எங்கெங்கோ குடியமர்த்தினார்கள். டிரம்மை ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் உருட்டிக்கொண்டு போனார். அந்த அடுப்புகள் சென்னையில் எரிந்ததற்கு இன்று எந்த அடையாளமும் இல்லை.

மலையில் இரண்டு டிரம்களும் வந்தன. நான் படிவத்தோடு மேலே போனேன். முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள். என் கால்கள் பழையபடி வேறு பக்கம் திரும்பின. அவற்றை இழுத்துப் பிடித்து நிறுத்தி, "அம்மா, இந்த வீட்டுச் சாணியை யாரு அள்றாங்க?" என்று கேட்டேன். அவள் முறத்தை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பதில் முடிய ஒரு மணி நேரமானது.

அந்தக் கேள்வி புதுப் படிவத்தில் அச்சாகியிருந்தது. அது அச்சேறுவதற்கு முந்தைய நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

கொட்டகைப் பேச்சு நடந்து சில நாட்கள் ஆகியிருந்தன. பழைய படிவத்தின் கார்பன் நகலை எடுத்துக்கொண்டு நான் தனியாகக் குப்பத்துக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. சரோசா மதிலில் மறுபடி தட்டத் தொடங்கியிருந்தாள். அடி வரிசை முழுக்க ஈர வட்டங்கள். அவளுடைய குழந்தைகள் என்னைக் கண்டதும், "காயிதக்காரரு!" என்று கத்தின.

நான் படிவத்தை விரித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்து, "இதுதான் நான் எழுதினது. 'வீணாகிறது'" என்றேன். பேனாவைத் திறந்து அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில், 'சாணம் சரோசா என்பவருக்குப் போகிறது. கொட்டகை வேலைக்குக் கூலியாக' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

அவள் சாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காகிதத்தில் படாமல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவா என் பேரு?"

"ஆமாங்க."

"நல்லாத்தான் எழுதற." பிறகு நான் அடித்த சொல்லை முழங்கையால் காட்டினாள். "இது இன்னும் தெரியுதே, காயிதக்காரரே. ஒரு கோடு பத்தாது. இன்னொண்ணு போடு."

போட்டேன்.